திறப்பை முதலில் யார் கொடுப்பது?

குடியையோ ஹெரோயினையோ விட்டுவிட்ட ஒருவன் மறுநாள் எங்கே உறங்குவான்? சிறிய கேள்விதான். எனினும் ஒழுக்கம் பற்றிய பெரிய பேச்சுக்கள் பலவும் இதன் முன் நா வறண்டு நிற்கின்றன. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். பத்துக் குறளும் குடிப்பவனைப் பற்றியே பேசுகின்றன. குடியை விட்டவன் எங்கே போவான் என்ற கேள்வி அங்கே எழவில்லை. அவரைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. அறநூல்கள் பெரும்பாலும் மனிதனைத் தனியே நிறுத்தித்தான் விசாரிக்கின்றன. அவன் தலைக்குமேல் கூரை உண்டா என்று கேட்பதில்லை.

திருநெல்வேலியை எடுத்துக்கொள்வோம். 1974 இல் பரமேஸ்வராக் கல்லூரி வளவில் பல்கலைக்கழக வளாகம் தொடங்கிய நாள் முதல் இவ்வூரார் அயலூர்ப் பிள்ளைகளுக்கு அறை கொடுத்துப் பழகியவர்கள். ஆயினும் விசாரணையின்றிப் படலை திறப்பதில்லை. எந்த ஊர், ஆருடைய பிள்ளை என்று தொடங்கிச் சாதியை மோப்பம் பிடிக்கும் வரை அது நீள்வதுண்டு. இங்கே, சிகிச்சை முடித்த நால்வர் சேர்ந்து ஒரு வீடு கேட்டால் என்ன விடை கிடைக்கும்? "முதலில் திருந்திக் காட்டட்டும், பிறகு பார்ப்போம்."

நியாயம் போல ஒலிக்கும் இப்பேச்சு மனிதனை ஒரு சுழலில் தள்ளுகிறது. வீடு கிடைக்கத் திருந்தியிருக்க வேண்டும். திருந்தியிருக்க வீடு வேண்டும்! மதுவை நிறுத்தியதும் வரும் நடுக்கமும் வியர்வையும் பெரும்பாலும் ஒரு வாரமளவில் தணியும். பழக்கமோ தவறணை வாசலிலும் பழைய கூட்டாளியின் குரலிலும் காத்திருக்கிறது. ஹெரோயினில் நிலைமை இன்னும் கொடிது. சில வாரம் விட்டிருந்த உடல் பழைய அளவைத் தாங்காது. அதே அளவை மீண்டும் ஏற்றினால் மூச்சு நின்றுவிடக்கூடும். சிறையிலிருந்தோ சிகிச்சையிலிருந்தோ வெளியேறிய முதல் வாரங்களில் இம்மரண அபாயம் மிக அதிகம். "பிறகு பார்ப்போம்" என்பது அவர்களிற் சிலருக்குத் தீர்ப்பாகவே முடிந்துவிடுகிறது.

அரசு தரும் விடை முகாம். 2009க்குப் பின்னர் 'புனர்வாழ்வு' என்ற சொல் நம் காதில் முட்கம்பியோடு சேர்ந்தே ஒலிக்கிறது. பொலனறுவை மாவட்டத்துக் கந்தக்காட்டுப் புனர்வாழ்வு நிலையத்திலிருந்து 2022 ஜூனில் நூற்றுக்கணக்கானோர் தப்பியோடினர். காவலில் வைத்துக் குடியைத் தடுக்கலாம்; குடியாமல் வாழப் பழக்க முடியாது. தானே தெரிந்து செய்யும்போதுதான் ஒரு செயல் ஒழுக்கமாகிறது.

1975 இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், மூடப்படவிருந்த ஒரு மறுவாழ்வு விடுதியின் வாசிகள் அவ்வீட்டைத் தாங்களே வாடகைக்கு எடுத்தனர். ஆக்ஸ்போர்ட் இல்லம் என்று பெயரிட்டனர். சம்பள மேற்பார்வையாளர் எவருமில்லை. வாடகை பங்கு, முடிவுகள் வாக்கெடுப்பில். பழைய விடுதியின் ஆறு மாதக் கெடுவையும் நீக்கினர். 2006 இல் வெளியான ஓர் ஆய்வில் 150 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினர். இரண்டாண்டின் பின் மீண்டும் போதையில் இருந்தவர்கள் இவ்வில்லங்களுக்குச் சென்ற பிரிவில் 31 வீதம், வழமையான கவனிப்புப் பெற்ற பிரிவில் 65 வீதம். தொழிலாளர் சேர்ந்து சங்கம் அமைத்த கதையை அறிந்த நமக்கு இது வியப்பன்று.

அங்கும் அயலார் வரவேற்கவில்லை. எட்மண்ட்ஸ் நகரம், உறவினரல்லாதோர் ஐவருக்கு மேல் ஒரு வீட்டில் வாழலாகாது என்ற விதியைக் காட்டி வழக்காடியது. 1995 இல் உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. அயலாரின் அச்சம் முற்றும் பொய்யென நாம் சொல்லவில்லை. மீண்டும் விழுவோர் உண்டு. ஆனால் நம்பிக்கை என்பது திருந்தியபின் கொடுக்கும் பரிசன்று, திருந்துவதற்கு வேண்டிய முதல். அந்த முதலை ஊர்தான் போட வேண்டும். (இதுவரை 'அவன்' என்றே எழுதினோம். குடியை விட்ட ஒரு பெண் தனியே அறை கேட்டால், விசாரணை படலையடியிலேயே முடிந்துவிடும்.)

ஆக்ஸ்போர்ட் இல்லத்தின் ஒரு விதி மட்டும் நம்மை உறுத்துகிறது: மீண்டும் குடித்தவன் உடனே வெளியேற வேண்டும். ஏனையோரின் பாதுகாப்புக்கு அது அவசியமே. ஆயினும் ஹெரோயினிடம் மீண்ட ஒருவனை இரவில் பலாலி வீதிக்கு அனுப்பினால் விடியும்போது அவன் இருப்பானா? அவனுக்கென மருத்துவமனையில் ஒரு கட்டிலாவது ஒதுக்கப்படும்வரை, அவ்வீட்டு வாக்கெடுப்பில் கை உயர்த்துவது எவருக்கும் எளிதாக இராது.