சிரிப்பும் சாட்சியமும்

புகைப்படத்தில் குழந்தை சிரித்தால் நாம் உடனே நம்பிவிடுகிறோம். ஆனால் காமிராவைப் பார்த்துச் சிரிக்கிற குழந்தை, எதிரில் நிற்கும் பெரியவருக்குப் பதில் சொல்கிறது; அவ்வளவுதான். விளையாட்டில் ஆழ்ந்த குழந்தைக்கு நம் பிரசன்னமே தேவையில்லை. உருவப்படமோ எதிரெதிரே நிற்கும் இருவரின் உடன்பாடு. அப்படியானால் குழந்தையின் சந்தோஷத்தை உருவப்படமாக எடுப்பது சாத்தியமா? சாத்தியமென்றாலும், அதற்கு நமக்கு உரிமை உண்டா?

லூயிஸ் ஹைன் 1908இல் அமெரிக்காவின் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காகப் படமெடுக்கத் தொடங்கினார். பஞ்சாலைகளிலும் நிலக்கரிச் சுரங்கங்களிலும் உழைத்த சிறுவர் சிறுமியரை ஆயிரக்கணக்கான படங்களில் பதிவு செய்தார். கனமான காமிரா, இருட்டில் மக்னீசியப் பொடியின் வெளிச்சம். குழந்தை அசையாமல் நின்று காமிராவைப் பார்த்தாக வேண்டும். பெயர், வயது, உயரம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். அவருக்கு வேண்டியிருந்தது சாட்சியம். அவர் எடுத்த பத்திரிகை விற்கும் பையன்களில் சிலர் சிரிக்கவும் செய்கிறார்கள். வழக்கில் அந்தச் சிரிப்பு எதிர்த்தரப்புக்கே உதவும்: பையன் சந்தோஷமாகத்தானே இருக்கிறான், பிறகு சட்டம் எதற்கு? குழந்தை உழைப்பைக் கட்டுப்படுத்தும் கூட்டாட்சிச் சட்டம் நிலைபெற்றது 1938இல்தான்.

ஏறக்குறைய அதே சமயத்தில் நியூயார்க்கின் ஏழைத் தெருக்களில் ஹெலன் லெவிட் அலைந்துகொண்டிருந்தார். 1937இல் குழந்தைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுக்கும் வேலையில் இருந்தபோது, அவர்கள் தெருவில் சாக்பீஸால் வரைந்தவை அவர் கவனத்தை இழுத்தன. கையில் சிறிய லைகா காமிரா. அதில் பக்கவாட்டில் பார்க்க உதவும் ஒரு துணைக்கருவி. அவர் முகம் ஒரு திசையில், லென்ஸ் இன்னொரு திசையில். குழந்தைகள் தங்கள் காரியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

1940 வாக்கில் எடுத்த ஒரு படத்தில், உடைந்துபோன நிலைக்கண்ணாடியின் வெறும் சட்டத்தைப் பையன்கள் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். சட்டத்துக்குள்ளே சைக்கிளில் ஒரு சிறுவன். கீழே சிலர் குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்குகிறார்கள். நம்மைப் பார்த்துச் சிரிக்க அங்கே எவருக்கும் நேரமில்லை. அதே காலத்திய மற்றொரு படத்தில் வீட்டு வாசற்படியில் மூன்று குழந்தைகள், முகமூடிகளோடு. உருவப்படத்துக்கு ஆதாரமான முகமே மறைந்திருக்கிறது. ஆனாலும் உடல்கள் நிற்கிற தோரணையில் சந்தோஷம் தெரிகிறது.

ஏழைக் குழந்தைகளின் களிப்பைக் காட்டுவது வறுமைக்குச் சமாதானம் சொல்வதாகாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வசதியுள்ளவன் சிரித்த முகத்தைக் கண்டு நிம்மதி அடைகிறான். ஆனால் அந்த நிம்மதியைத் தருவது அவனை நோக்கி வருகிற சிரிப்பு. அதை அவன் மன்னிப்பாக எடுத்துக்கொள்ள முடியும். லெவிட்டின் குழந்தைகள் எவரையும் மன்னிக்கவில்லை. அவர்கள் உலகத்தில் நமக்கு இடமே இல்லை. இந்தப் புறக்கணிப்பை ஏற்றுக்கொள்வது பார்வையாளனுக்குக் கடினம். அந்தக் கடினம்தான் இப்படங்களின் நேர்மை.

அப்படியும் ஒரு கடன் மிஞ்சுகிறது. குழந்தைகளுக்குத் தெரியாமல் எடுத்தது, எடுத்ததுதான். கலை என்ற பெயரால் அது கழிந்துவிடாது. இங்கே படங்களின் தலைப்புகளைக் கவனிக்கலாம். ஹைன் பெயரையும் வயதையும் எழுதினார். பதிலுக்கு அந்தக் குழந்தைகளுக்கு ஒரு சட்டத்தைப் பெற்றுத்தர முயன்றார். லெவிட்டின் படங்களுக்குப் பெரும்பாலும் தலைப்பு 'நியூயார்க்', கூடவே உத்தேசமாக ஒரு வருஷம். கொடுக்க அவரிடம் ஒன்றுமில்லை. ஆகவே பெயரைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டிலும் ஒரு கணக்கு இருக்கிறது.

கணக்கே இல்லாதது மூன்றாவது வகை. குழந்தையைச் சிரிக்கச் சொல்லி, அந்தச் சிரிப்பின் கீழ் பெயரும் அச்சிட்டு, நன்கொடைக்கும் விளம்பரத்துக்கும் உபயோகிக்கிற வகை. இன்று நம் கண்முன் அதிகமும் வருவது அதுவே. அதில் குழந்தை தன் சந்தோஷத்தையும் இழந்து, நம் மனச்சாட்சிக்கும் ஊழியம் செய்கிறது. ஹைன் எதிர்த்த வேலைகளின் பட்டியலில் இதையும் சேர்க்கத்தான் வேண்டும்.