அடுக்களைப் புகையின் கணக்கு

தீங்கு என்ற சொல்லைக் கேட்டவுடன், அடிப்பவனும் அடிபடுபவனும் எதிரெதிரே நிற்கும் காட்சிதான் நம் உள்ளத்தில் எழுகிறது. கை ஓங்கியவன் யார், காயம் பட்டவன் யார் என்பதில் அங்கே ஐயத்துக்கு இடமில்லை. ஆனால் எவரும் கை ஓங்காமலே, எவர் நெஞ்சிலும் தீய எண்ணம் இல்லாமலே, அன்றாடம் சிறிது சிறிதாகச் சேர்ந்து ஓர் உயிரை அரித்துவிடும் தீங்கும் உலகில் உண்டு. அத்தகைய தீங்குக்குப் பொறுப்பாளி யார்? இவ்வினாவை நம் வீட்டு அடுக்களையில் வைத்தே ஆராய விழைகிறோம். அங்கே எழும் புகையே நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

கூரையின் சந்து வழியாக வீட்டினுள் விழும் கதிரொளியில் தூசுகள் மிதந்து மின்னுவதை யாவரும் கண்டிருப்போம். அரபு மொழியினர் அதற்கு ‘ஹபாஉ’ என்று பெயரிட்டனர். நுண்மைக்கும் அற்பத்துக்கும் அதையே உவமையாகவும் வழங்கினர். இன்றைய அறிவியலோ, கண்ணுக்குத் தெரியும் அத்தூசைவிடத் தெரியாத தூசையே அஞ்ச வேண்டும் என்கிறது. பெரிய தூசில் பெரும்பகுதியை மூக்கின் மயிரும் தொண்டையின் சளியும் தடுத்து நிறுத்திவிடுகின்றன. இரண்டரை மைக்ரானுக்கும் குறைந்த குறுக்களவுடைய துகள்கள், அஃதாவது தலைமயிரின் பருமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே உள்ளவை, இக்காவலைக் கடந்து நுரையீரலின் கடைசிச் சிற்றறைகள் வரை சென்று தங்குகின்றன. அவற்றுள் மிக நுண்ணியவை குருதியிலும் கலக்கின்றன. விறகும் வறட்டியும் தென்னை மட்டையும் அரைகுறையாக எரியும்போது வெளிப்படுபவை பெரும்பாலும் இத்தகைய துகள்களே. நாட்பட்ட மூச்சடைப்பு நோய், இதய நோய், பக்கவாதம், நுரையீரல் புற்று, குழந்தைகளின் நிமோனியா ஆகியவற்றோடு இப்புகைக்குத் தொடர்பு இருப்பதாக மருத்துவ உலகம் கண்டுள்ளது. 2020-ஆம் ஆண்டில் மட்டும் வீட்டுப் புகையால் உலகில் 32 இலட்சம் பேர் இறந்தனர் என்றும், அவர்களுள் ஐந்து வயது நிறையாத குழந்தைகள் 2,37,000-க்கும் மேற்பட்டோர் என்றும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது.

இதைத் தொலைதூர நாட்டுச் செய்தி என்று எவரும் ஒதுக்கிவிட வேண்டா. சென்னை, போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியின் டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணனும் அவருடன் பணியாற்றிய ஆய்வாளரும் தமிழகக் கிராம வீடுகளில் கருவிகளை வைத்து அளந்து, 2002-ஆம் ஆண்டு தம் முடிவுகளை வெளியிட்டனர். விறகு எரியும் வீடுகளில் சமையல் வேளையில், மூச்சோடு உட்செல்லும் துகள் ஒரு கன மீட்டர் காற்றில் 500 முதல் 2,000 மைக்ரோகிராம் வரை இருந்தது. நாள் முழுவதற்கும் சராசரி கண்டபோது, அவ்வீடுகளில் சமைப்பவர் சுவாசித்த காற்றில் இருந்தது 231; சமையலில் ஈடுபடாதவர் சுவாசித்ததில் 90. தூய எரிபொருள் பயன்படும் வீடுகளில் அது 82 அளவே இருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வகுத்த நெறிமுறையோ, இரண்டரை மைக்ரான் துகளின் ஒரு நாள் சராசரி 15-ஐத் தாண்டலாகாது என்கிறது. இரண்டு கணக்குகளிலும் அளக்கும் முறை சற்று வேறுபடும் எனினும், இடைவெளி எத்துணைப் பெரிது என்பது விளங்கும்.

இவ்வெண்களுள் 231, 90 என்னும் இரண்டையும் அன்பர்கள் மனத்தில் இருத்த வேண்டுகிறோம். ஒரே கூரை, ஒரே உலையில் வெந்த சோறு. உண்பதில் எல்லார்க்கும் பங்கு உண்டு. அச்சோற்றுக்காகப் புகையை ஏற்பதில் மட்டும் ஒருவர் பங்கு மற்றவர் பங்கைப்போல் இரண்டரை மடங்கு. இது நீதியாகுமா?

நம் கடற்கரை ஊர்களின் மதரசாக்களில் ஓதிக்கொடுக்கப்படும் ஷாஃபிஈ மத்ஹபு நூல்களுள், ஹிஜ்ரி 676-இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’ சிறப்பிடம் பெற்றது. கணவன் மனைவிக்கு அளிக்கவேண்டிய ‘நஃபகா’ என்னும் வாழ்க்கைப் பொருளைப் பற்றிய பாடத்தில் இமாமவர்கள் நுணுக்கமான ஒரு கருத்தைக் கூறுகிறார்கள். தானியத்தை அளந்து கொடுத்ததோடு கணவனின் கடமை தீர்ந்துவிடாது. அதை அரைப்பதும் ரொட்டியாகச் சுடுவதும் அவன் பொறுப்பையே சாரும் என்பதே ஏற்றமான கருத்து என்கிறார்கள். உண்ணவும் பருகவும் சமைக்கவும் வேண்டிய கலங்களும் அவன் கொடுக்கவேண்டியவை. சமைத்துப் பரிமாறுவது மனைவியின்மீது சட்டக் கடமையன்று என்பதும் அம்மத்ஹபின் நிலை. அவள் அடுப்பின்முன் அமர்வது அன்பினாலும் குடும்பப் பற்றினாலும் ஊர் வழக்கினாலுமேயாகும்.

சமைத்த உணவின் விலையில் அரிசி சேர்கிறது, விறகு சேர்கிறது, பாத்திரம் சேர்கிறது. இவற்றை வீட்டுத் தலைவன் கொடுக்கிறான். இவற்றோடு இன்னொரு விலையும் சேர்கிறது, அதுதான் புகை. அதைக் காசாகச் செலுத்த இயலாது. நுரையீரலால் செலுத்த வேண்டும். நாள்தோறும் செலுத்துபவள், அக்கடமை தன்மீது விதிக்கப்படாத ஒருத்தி. தானியத்தை உணவாக்கும் செலவு கணவனுடையது என்று நூலோர் கூறியிருக்க, அச்செலவின் ஒரு பெரும்பகுதியைச் சத்தமின்றி அவள்மீது ஏற்றிவிட்டோம். நாம் இங்கே ஃபத்வா வழங்கவில்லை. முன்னோர் வகுத்த அளவுகோலை இன்றைய அறிவின்மீது வைத்துப் பார்க்கிறோம், அவ்வளவே.

உதுமானியப் பேரரசில் 1869 முதல் 1876 வரை பகுதி பகுதியாக வெளிவந்த ‘மஜல்லா’ என்னும் சட்டத் தொகுப்பும் இங்கு நினைக்கத்தக்கது. அண்டை வீட்டானின் உலைப் புகை ஒரு வீட்டில் குடியிருக்க முடியாதபடி செய்யுமாயின், அது பெருந்தீங்கு. நீக்கப்பட வேண்டும் என்று அது விதிக்கிறது. அவ்வாறே அடுக்களை, கிணற்றடி, முற்றம் ஆகிய பெண்கள் புழங்கும் இடங்கள் அண்டையார் பார்வைக்குப் படுவதையும் பெருந்தீங்காகவே எண்ணுகிறது. அடுக்களையில் இருப்பவளை அயலான் பார்வையிலிருந்து காக்கச் சுவர் எழுப்பினோம், சாளரத்தைச் சிறிதாக்கினோம். அந்நோக்கம் போற்றத்தக்கதே. ஆயினும் பார்வையைத் தடுத்த அச்சுவர் புகையையும் உள்ளே தேக்கிவிட்டது. அண்டை வீட்டிலிருந்து வரும் புகைக்கு வழக்குத் தொடுக்க வழியிருக்கிறது. தன் வீட்டுக் கூரையின்கீழ் எழும் புகைக்கு அவள் யாரிடம் முறையிடுவாள்?

இங்கே மூன்று தடைகள் எழுப்பப்படலாம். ‘நம் பாட்டிமார் விறகடுப்பில் சமைத்தே தொண்ணூறு வயது வாழ்ந்தனரே!’ என்பது முதலாவது. வாழ்ந்தவர்களை நாம் கண்டோம், பேசினோம், ஆதலின் நினைவில் வைத்திருக்கிறோம். ஐம்பதிலேயே இரைப்பால் வாடி மறைந்தவர்களையும், நெஞ்சில் சளி கட்டி ஓராண்டும் நிறையாமல் போன குழந்தைகளையும் விதியின் பெயரால் மறந்துவிட்டோம். விதியை நம்புவது ஈமானின் பகுதி. அதைத் தன் கவனக்குறைவுக்குத் திரையாகத் தொங்கவிடுவது வேறு.

இரண்டாவது தடை, ‘அவளே குறை கூறவில்லையே! விறகடுப்புச் சோற்றுக்குத்தான் ருசி என்று அவளே சொல்கிறாளே!’ என்பது. வாய் திறவாதவர்மீது எச்சொல்லையும் சார்த்தலாகாது என்பது ஃபிக்ஹு அறிஞர்களிடையே புகழ்பெற்ற விதி. பேசவேண்டிய இடத்தில் காக்கும் மௌனம் சொல்லுக்கு நிகர் என்று அதற்கு ஒரு விலக்கும் உண்டு. மௌனம் சொல்லாக வேண்டுமாயின், எதைக் குறித்து மௌனம் காக்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டுமன்றோ? கண் எரிச்சலை அவள் அறிவாள், இருமலை அறிவாள். கண்ணுக்குத் தெரியாத துகள் மூச்சுச் சிற்றறையில் சேர்வதை அவளுக்கு எவரும் சொன்னதில்லை. அறியாத ஒன்றுக்கு அவள் இசைந்தாள் என்பது எவ்வாறு பொருந்தும்? அறிந்த பின்னரும், வீட்டுப் பணம் தன் கையில் இல்லாதவளின் இசைவு எத்துணை எடையுடையது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது தடையே வலிமை மிக்கது. அது வறுமை. சக்திக்கு மீறிய சுமை எவர்மீதும் இல்லை. 2006-இல் அமைந்த தமிழக அரசு இலவச எரிவாயு அடுப்புகள் வழங்கியது. நடுவண் அரசு 2016-இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தின் வழியாகக் கோடிக்கணக்கான ஏழைப் பெண்களின் பெயரால் இணைப்புகள் தரப்பட்டன. இணைப்புக் கிடைத்தும், அடுத்த உருளைக்குப் பணமின்றி மீண்டும் விறகுக்குத் திரும்பும் வீடுகள் உண்டு. அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த நாம் முற்படவில்லை. எனினும் இயன்ற அளவு என்பதற்கும் ஒரு பொருள் உண்டு. அடுப்பைக் கொல்லைப்புறத் தாழ்வாரத்துக்கு மாற்றுதல், நன்கு காய்ந்த விறகையே எரித்தல், புகைபோக்கி வைத்தல், கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பூதும் வழக்கத்தை விடுதல் ஆகியவற்றுக்கு ஆகும் செலவு பெரிதன்று. இவை தீங்கை முற்றிலும் நீக்கமாட்டா, குறைக்கும். தனி மனிதனின் சக்தி முடியும் இடத்தில் உறவினரின் கடமையும் ஊரின் கடமையும் தொடங்குகின்றன. பைத்துல்மாலிலிருந்து ஏழைக்கு அரிசி வழங்கும் ஜமாஅத்துகள், அவ்வரிசி எந்தப் புகையில் வேகிறது என்றும் கேட்க வேண்டும்.

வசதி படைத்த வீட்டினர் இதுவரை கூறியவற்றைப் பிறர்க்கென எண்ணிவிடலாகாது. எரிவாயு அடுப்பு வைத்திருந்தும், கதவு சாளரங்களை அடைத்து, கொசுவர்த்தியைக் கொளுத்திவிட்டுக் குழந்தைகளை உறங்கவைக்கும் வீடுகள் எத்தனை! கொசுவர்த்திச் சுருள் ஒன்று எரிந்து தீர்வதற்குள் வெளிவிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளிவிடுவதற்கு ஒப்பாகும் என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. கொசுவும் தீங்குதான். இரு தீங்குகள் எதிர்ப்படின் இலேசானதைத் தேர்ந்துகொள் என்பர் நூலோர். இங்கோ இரண்டிலிருந்தும் தப்பும் வழியாகக் கொசுவலை இருக்கிறது. வீட்டினுள் சிகரெட் பிடிக்கும் தலைவனுக்கு வறுமை, வழக்கம், அறியாமை என்னும் எந்தச் சாக்கும் இல்லை.

சாம்பிராணியைப் பற்றிக் கூறுங்கால் சிலர் மனம் வருந்தக்கூடும். பிள்ளை பெற்ற தாய்க்கும் சேய்க்கும் நீராட்டிச் சாம்பிராணி காட்டுவது நம் வீடுகளின் அன்புக்குரிய வழக்கம். ஆயினும் நறுமணம் என்பதால் புகை புகையல்லாது போகாது. சிங்கப்பூர்ச் சீனர் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்து 2008-இல் வெளியிடப்பெற்ற ஆய்வு, வீட்டில் நெடுங்காலம் ஊதுபத்தி எரித்தோரிடம் மூச்சுப் பாதையின் சிலவகைப் புற்றுநோய்கள் மிகுந்திருந்ததைக் காட்டியது. மணத்தை விரும்புவதை விட்டுவிடச் சொல்லவில்லை. பச்சிளங் குழந்தையின் முகத்துக்கு நேரே தூபக்கால் வேண்டா. சாளரம் திறந்திருக்கட்டும். அத்தரும் மணம் தருகிறது, அது புகைவதில்லை.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு நாம் காணும் விடை இதுவே. தீய எண்ணம் இல்லாத தீங்குக்கு, அதைத் தடுக்கும் ஆற்றல் எவர் கையில் உள்ளதோ அவரே பொறுப்பாளி. அறியாதிருந்தவரை அவருக்கு மன்னிப்பு உண்டு. அறிந்த நாள்முதல் அவருடைய கணக்கு எழுதப்படத் தொடங்குகிறது. வீட்டில் எதற்குப் பணம் செலவிடுவது, எங்கே சுவர் எழுப்புவது, எங்கே சாளரம் வைப்பது என்று முடிவு செய்பவர் நம்மில் பெரும்பாலும் ஆடவரே. ஆதலின் இவ்வினா முதலில் அவர்களை நோக்கியே வருகிறது.

மாதந்தோறும் வீட்டுச் செலவை எழுதும்போது அரிசி, எண்ணெய், மின்சாரம், பிள்ளைகளின் படிப்பு என்று வரிசைப்படுத்துகிறோம். அவ்வரிசையில் எரிவாயு உருளைக்கோ, ஒரு புகைபோக்கிக்கோ, அடுக்களையில் திறக்கவேண்டிய ஒரு சாளரத்துக்கோ ஓர் இடம் ஒதுக்கும்போது, மனைவிக்கோ தாய்க்கோ தயவு காட்டுவதாக எவரும் எண்ண வேண்டா. நெடுநாளாக அவர்களுக்குச் செலுத்தாமல் விட்ட கடனையே அப்போது செலுத்தத் தொடங்குகிறோம்.