புயலுக்குப் பின் கடல்



வேளாங்கண்ணிக்குப் போய் வந்தவர்கள் அங்கே கடலைப் பெரும்பாலும் அமைதியாகவே கண்டிருப்பீர்கள். அந்தக் கரையோரத்தில்தான், நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே, 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரை ஏறிற்று. புயல் போனால் காற்று அடங்கும். அலை உடனே அடங்காது. வெள்ளம் சேற்றையும் முறிந்த மரங்களையும் கடலில் தள்ளும். அவை வலையைக் கிழிக்கும். ஆயினும் அந்தக் கலங்கல் நீரில் கரையோரமாகவே இறால் படுவதுண்டு.

அப்பொழுது படகைத் தள்ளுகிறவன் சர்வேசுரனைச் சோதிக்கிறானா? வீட்டில் அரிசி இருக்க, நாலு காசு கூடக் கிடைக்குமென்று போனால், ஆம் என்பேன். ஆனால் பல நாள் தொழிலில்லாமல் அடுப்பு எரியாதிருக்க, வட்டிக்காரனும் வாசலில் நின்றால்? அவனை அவிவேகி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. நம்மூரில் தறிக்குழியில் மழைநீர் ஊறினால் நெசவாளிக்குக் கூலி போகும், உயிர் போகாது. கடலுக்குப் போனவன் செய்தது குற்றமென்றால், நெருக்கியவனுக்கே அதில் பெரும்பங்கு. அவ்விதம் பிடித்த மீனைச் சந்தையில் பாதி விலைக்குக் கேட்கிறவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. நானும் அப்படிப் பேரம் பேசியவன்தான்.