அச்சேறிய பிறகும் தீராத கடன்

மகா ஜிம்பாப்வேயின் கல்மதில்களைக் கட்டியவர்கள் யார் என்ற கேள்விக்கு விடை கிடைத்து நூறு ஆண்டுக்கு மேலாகிறது. சுண்ணாம்போ சாந்தோ இல்லாமல் கருங்கல்லை அடுக்கி எழுப்பிய அந்த நகரம் ஆப்பிரிக்கர்களின் கைவேலைதான் என்று 1905இல் டேவிட் ராண்டல் மெக்கைவரும், 1929இல் கெர்ட்ரூட் கேட்டன் தாம்சனும் அகழ்ந்து பார்த்துச் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் ரொடீசியா என்று அன்று பெயர் கொண்டிருந்த இன்றைய ஜிம்பாப்வே நாட்டின் வெள்ளைக் குடியேறிகள், ஃபினீசியர் கட்டினர், ஷீபா அரசி கட்டினாள் என்ற கதைகளை விடவில்லை. 1965இல் இயன் ஸ்மித்தின் சிறுபான்மை அரசு பிரிட்டனைக் கேளாமல் தானாகவே சுதந்திரம் அறிவித்தது. அதன் பிறகு இந்தக் கதைகளுக்கு அரசின் ஆதரவும் சேர்ந்துகொண்டது. நினைவுச்சின்னங்களின் கண்காணிப்பாளராக இருந்த பீட்டர் கார்லேக், சான்று சொன்னதை மாற்றிச் சொல்ல மனமில்லாமல் 1970இல் பதவி விலகி நாட்டை விட்டே வெளியேறினார். அரசு ஒரு பழைய மதிலுக்காக இவ்வளவு மெனக்கெட்டதற்குக் காரணம் எளியது. இங்கே எவரும் எதையும் கட்டியதில்லை என்றால், இந்த நிலம் எவருக்கும் சொந்தமாக இருந்ததில்லை என்று ஆகிவிடும். 1930இல் வந்த நில ஒதுக்கீட்டுச் சட்டம் சுமார் ஐம்பதாயிரம் வெள்ளையருக்கு நாட்டின் நிலத்தில் பாதியை எழுதிக் கொடுத்தது. அந்தப் பத்திரத்துக்கு முன்னுரை போல நின்றது ஃபினீசியர் கதை.

இப்படிப்பட்ட நாட்டில் உண்மையைச் சொல்வதே நீதியின் பக்கம் நிற்பதாக இருந்தது. ஆய்வாளரின் மனச்சாட்சிக்கும் அவருடைய தொழிலுக்கும் இடையே இழுபறி இல்லை. கார்லேக் செய்தது சரி என்று சொல்ல ஓர் அறநெறிக் கட்டுரை தேவையில்லை. சிக்கல் அடுத்த கட்டத்தில் வருகிறது. அநீதி இழைக்கப்பட்டவர்களுக்காக எழுதப்பட்ட வரலாறு, பின்னாளில் அவர்களில் சிலரை நசுக்கும் கருவியாக மாறினால், அதை எழுதியவருக்கு அதில் பங்கு உண்டா? உண்டு என்றால் எவ்வளவு?

இந்தக் கேள்விக்கு டெரன்ஸ் ரேஞ்சரின் வாழ்க்கையை விடப் பொருத்தமான உரைகல் கிடைப்பது அரிது. 1957இல் தலைநகர் சாலிஸ்பரியின் (இன்றைய ஹராரே) பல்கலைக்கழகக் கல்லூரிக்கு வரலாறு கற்பிக்க வந்த ஆங்கிலேயர் அவர். நிறவெறிக்கு எதிரான இயக்கத்தில் இறங்கினார். வெள்ளையருக்கென ஒதுக்கிய நீச்சல்குளத்தின் முன் நடந்த ஒரு போராட்டத்தில் அவரைத் தூக்கிக் குளத்திலேயே போட்டார்கள் என்பது அந்நாளைய ரொடீசியாவின் நகைச்சுவை உணர்வுக்கு ஒரு சான்று. 1963இல் நாடு கடத்தப்பட்டார். நான்கு ஆண்டு கழித்து, 1896–97 எழுச்சியைப் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. செசில் ரோட்ஸின் பிரிட்டிஷ் தென்னாப்பிரிக்கக் கம்பெனி நாட்டைப் பிடித்து ஆறே ஆண்டில், குடிசை வரி, கால்நடைப் பறிப்பு, கட்டாய வேலை, மாடுகளை வாரிக்கொண்டு போன கொள்ளைநோய் எல்லாம் சேர்ந்து என்டெபெலே மக்களையும் ஷோனா மக்களையும் ஆயுதம் ஏந்த வைத்தன. சிதறிய கலகங்கள் என்று குடியேறிகள் சொல்லிவந்ததை மறுத்து, ம்வாரி தெய்வத்தின் பூசாரிகளும் ஷோனாக்களின் ஆவியுரைப்போரும் இரு மக்களையும் ஒரே திட்டத்தில் இணைத்தார்கள் என்றார் ரேஞ்சர். அந்த எழுச்சிக்கும் இருபதாம் நூற்றாண்டின் தேசிய இயக்கத்துக்கும் நேரடித் தொடர்ச்சி உண்டு என்பது அடுத்த ஆண்டு அவர் எழுதிய கட்டுரையின் வாதம்.

சொந்த நாட்டில் சிறையிலும் அயல்நாட்டு முகாம்களிலும் இருந்த தேசியவாதிகளுக்கு இந்த நூல் எப்படி இருந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை. 1898இல் சாலிஸ்பரியில் தூக்கிலிடப்பட்ட நெஹாண்டா என்ற மூதாதை ஆவியின் ஆவியுரைப்பவர் சார்வே விடுதலைப் போரின் தாயானார். எழுபதுகளில் வடகிழக்கில் இறங்கிய கெரில்லாக்கள் தங்கள் போர்ப்பகுதி ஒன்றுக்கு நெஹாண்டாவின் பெயரையே வைத்தார்கள். அந்தப் பெயரை அவர்கள் ஒரு பேராசிரியரின் நூலில் தேடி எடுத்ததாக எண்ணுவது மடமை. நெஹாண்டாவைக் கிராமங்கள் மறந்திருக்கவில்லை. ஆனால் வாய்மொழி நினைவில் ஒரே நிகழ்ச்சிக்குப் பல வடிவங்கள் உண்டு, ஊருக்கு ஊர் நாயகர் மாறுவார். 1896 முதல் விடுதலை வரை அறுபடாத ஒரே கோடு, அதை வழிநடத்திய ஒரே ஆன்மிகத் தலைமை என்ற ஒழுங்கான வடிவத்துக்கு அடிக்குறிப்புகளோடு கூடிய புலமையின் முத்திரை விழுந்தது நூலால்தான். பாடப்புத்தகமும் மேடையும் எடுத்துக்கொண்டவை அந்த வடிவத்தையும் அந்த முத்திரையையும்.

அந்த வடிவம்தான் ஆட்டம் கண்டது. என்டெபெலே எழுச்சியை நடத்தியது அவர்களுடைய பழைய அரசமைப்பே, பூசாரிகள் அல்லர் என்று 1977இல் ஜூலியன் கோப்பிங் காட்டினார். ஷோனா எழுச்சி ஒரே நாளில் திட்டமிட்டு வெடித்தது அல்ல, செய்தி பரவப் பரவ ஊர் ஊராகப் பற்றிக்கொண்டது என்றார் டேவிட் பீச். சார்வேயின் பங்கு மிகைப்படுத்தப்பட்டது என்பதையும் பின்னர் எழுதினார். இந்த மறுப்புகளில் உறைக்கும் இடம் ஒன்று உண்டு. பூசாரிகளின் மாபெரும் சதி என்ற கருத்து முதலில் பிறந்தது கம்பெனி அதிகாரிகளின் மனத்தில். தங்கள் வரியும் பறிப்பும்தான் மக்களைக் கிளப்பின என்று ஒப்புக்கொள்வதைவிட, மந்திரவாதி ஒருவன் தூண்டிவிட்டான் என்று நம்புவது அவர்களுக்கு வசதி. அந்த அச்சம் கோப்புகளில் பதிந்தது. எழுபது ஆண்டு கழித்து அதே கோப்புகளைப் பிரித்த ரேஞ்சர், அவர்கள் சதி என்று எழுதிய இடத்தில் ஒற்றுமை என்று வாசித்தார். பழி புகழாக மாறியது, ஆனால் அடியில் இருந்த கற்பனை குடியேறிகளுடையதாகவே தங்கிவிட்டது. நல்ல நோக்கம் சான்றைச் சரிபார்க்கும் வேலையிலிருந்து எவரையும் விடுவிப்பதில்லை. உண்மையில் அந்த வேலையை அது கூடுதலாக்குகிறது, ஏனென்றால் நாம் விரும்பும் முடிவைத் தரும் சான்றைத்தான் நாம் குறைவாகச் சந்தேகிக்கிறோம்.

ரேஞ்சர் தவறாகப் படித்தார் என்பது புலமைப் பிழை. அதில் அறம் எங்கே வருகிறது என்று கேட்கலாம். கத்தி செய்த கொல்லனைக் கொலைக்குப் பொறுப்பாக்க முடியுமா என்பது வழக்கமான வாதம். அந்த உவமை இங்கே பொருந்தவில்லை. கத்தி வெட்டும்போது கொல்லனின் சொல் அதனோடு வருவதில்லை. ஒரு வரலாற்று நூல் மேற்கோளாக எடுக்கப்படும் ஒவ்வொரு முறையும் எழுதியவரின் சொல் அங்கே ஜாமீனாக நிற்கிறது. நான் ஆவணத்தைப் பார்த்தேன், இது இப்படித்தான் நடந்தது என்ற அந்த உறுதிமொழி அச்சேறிய நாளோடு காலாவதி ஆவதில்லை. ஆகவே அரசியல்வாதி அதை எப்படிப் பயன்படுத்துகிறார் என்பதற்கு ஆய்வாளர் பொறுப்பில்லை என்பதை ஏற்கலாம். தன் ஜாமீன் இன்னும் செல்லுமா என்பதைச் சொல்லும் பொறுப்பு அவரை விட்டுப் போகாது. பிழை என்று தெரிந்த பிறகும் வாய் திறக்காமல் இருந்தால், அன்று முதல் அது பிழை என்ற நிலையைக் கடந்துவிடுகிறது.

இதைவிட வலுவான எதிர்வாதம் காலத்தைப் பற்றியது. போர் நடக்கும்போது, நிறவெறி அரசு இன்னும் உயிரோடு இருக்கும்போது, விடுதலை இயக்கத்தின் வரலாற்றில் ஓட்டை இருக்கிறது என்று சொல்வது எதிரிக்குத் தீனி போடுவதாகாதா? இந்த வாதத்தை உதறித் தள்ள முடியாது. தகவல் தந்தவரின் பெயரை வெளியிட்டால் அவர் உயிருக்கு ஆபத்து என்றால், மௌனமே ஆய்வாளரின் கடமை. ஆனால் உயிரோடிருக்கும் ஒருவரைக் காக்கும் மௌனம் வேறு, ஒரு கதையைக் காக்கும் மௌனம் வேறு. முன்னது ஆபத்து நீங்கியதும் கலைந்துவிடும். பின்னது ஆபத்து நீங்கியதும் இறுகும், ஏனென்றால் அப்போது அந்தக் கதைக்கு உடைமையாளர் ஒருவர் வந்துவிடுகிறார்.

1980 ஏப்ரல் 18இல் ஜிம்பாப்வே விடுதலை பெற்றது. மூன்று ஆண்டு முடிவதற்குள், வடகொரியர்களிடம் பயிற்சி பெற்ற ஐந்தாம் படைப்பிரிவு மாட்டபெலேலாந்தில் இறங்கியது. அரசுக்கு எதிரான சில ஆயுதக் குழுக்களை ஒடுக்குவதாகச் சொல்லி, எதிர்க்கட்சியான ஜாப்புவுக்கு ஆதரவளித்த என்டெபெலே கிராமங்களை அது வேட்டையாடியது. பதரை அடித்துச் செல்லும் முதல் மழை என்ற பொருளில் ‘குகுராஹுண்டி’ என்று அதற்குப் பெயர். 1987 இறுதியில் ஆளும் கட்சியும் ஜாப்புவும் ஒற்றுமை உடன்படிக்கையில் கையெழுத்திடும் வரை மக்கள் செத்தார்கள். இருபதாயிரம் பேர் வரை என்பது பரவலாகச் சொல்லப்படும் எண். இந்தச் சாவுகளுக்கு 1967ஆம் ஆண்டு நூல் காரணமில்லை. ஆனால் 1896இலேயே நாடு ஒன்றாகிவிட்டது, ஒரே ஆவி அனைவரையும் வழிநடத்தியது என்ற கதைக்குள் மாட்டபெலேலாந்தின் லுபானே, மாடோபோ பகுதிகளின் பிணங்களைக் கிடத்த இடமே இல்லை. ஒன்றாகிவிட்ட தேசத்தில் மாறுபடுபவன் எதிர்க்கட்சிக்காரனாக முடியாது, துரோகியாகத்தான் முடியும். விடுதலைப் போரில் ஜாப்புவின் படையும் சண்டையிட்டது என்பதே பள்ளிப் பாடத்தில் ஒதுங்கி நின்றது. கெரில்லாக்கள் கிராமத்து மக்களைக் கட்டாயப்படுத்தியதும் இருந்தது என்று 1992இல் நார்மா க்ரீகர் எழுதியது அந்தப் போரைப் பற்றிய ரேஞ்சரின் இன்னொரு நூலுக்கும் எதிரான சான்று. விடுதலைக்குப் பின் முதல் ஆண்டுகளின் உற்சாகத்தில், வெற்றி பெற்றவர்களின் பக்கமே ரேஞ்சர் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது என் தீர்ப்பு.

ஆனால் அவர் திரும்பி வந்தார். கோப்பிங், பீச் ஆகியோரின் மறுப்புகளில் பலவற்றை ஏற்றுத் தன் கருத்தைத் திருத்திக்கொண்டார். எண்பதுகளின் இறுதியில் மாட்டபெலேலாந்தில் ஆய்வைத் தொடங்கி, 2000இல் ஜோஸ்லின் அலெக்சாண்டர், ஜோஆன் மெக்கிரெகர் ஆகியோருடன் சேர்ந்து அங்குள்ள காட்டுப்பகுதியின் நூறாண்டு வன்முறையை, விடுதலை அரசின் வன்முறையையும் சேர்த்தே, எழுதினார். அதே ஆண்டுகளில் அதிபர் முகாபேயின் அரசு வெள்ளையரின் பண்ணைகளைக் கைப்பற்றி அதை மூன்றாம் சிமுரெங்கா, அதாவது மூன்றாம் விடுதலைப் போர், என்று அழைத்தது; இளைஞர் பயிற்சி முகாம்களிலும் பள்ளிகளிலும் வரலாறு ஒரே கோடாகச் சுருங்கியது. கல்வி அமைச்சரே வரலாற்று நூல்கள் எழுதியவர் என்பதால் அந்தச் சுருக்கத்துக்கு ஆள் பஞ்சமில்லை. 2004இல் ரேஞ்சர் அதற்குத் ‘தேசபக்தி வரலாறு’ என்று பெயரிட்டுக் கண்டித்தபோது, தான் தொடங்கிவைத்த தேசியவாத வரலாற்றெழுத்தோடு அதை ஒப்பிட்டுத் தன்னையும் கேள்விக்குள் நிறுத்திக்கொண்டார். தாமதம்தான். ஆயினும் தன் புகழ் நிற்கும் அடித்தளத்தைத் தானே தோண்டிப் பார்த்த பேராசிரியர்கள் எத்தனை பேர்?

வெள்ளைக்காரப் பேராசிரியர் ஆப்பிரிக்கருக்கு ஆப்பிரிக்க வரலாற்றைத் திருத்திக் கொடுப்பதா என்று ஒரு கேள்வி எழும். அதில் பாதி நியாயம் உண்டு. ஜிம்பாப்வேயைப் பற்றிய நூல்கள் ஆக்ஸ்ஃபோர்டில் அச்சாகி, அந்நாட்டு ஆசிரியர் வாங்க முடியாத விலையில் விற்றன; பொருளாதாரம் சரிந்தபோது ஹராரேயின் ஆய்வாளர்கள் பலர் பிழைப்புத் தேடி வெளியேறினார்கள். ஆனால் திருத்தும் வேலையை அந்நாட்டவரும் செய்தார்கள். கத்தோலிக்க நீதி, அமைதி ஆணையமும் ஒரு சட்ட உதவி அமைப்பும் 1997இலேயே மாட்டபெலேலாந்துக் கொலைகளைப் பற்றி விரிவான அறிக்கை வெளியிட்டன. 2009இல் பிரையன் ராஃப்டோபுலோஸும் அலோய்ஸ் ம்லாம்போவும் தொகுத்த நாட்டு வரலாறு ஒரே கோட்டுக் கதையை மறுத்தது. அந்நியர் பேசக் கூடாது என்று முழங்கிய ஆட்சியாளர்கள், அந்நியர் 1967இல் எழுதியதைக் கைவிட்டதாகத் தெரியவில்லை.

இன்னொரு தரப்பும் காத்திருக்கிறது. முகாபேயின் குற்றங்கள் வெளிவரும்போதெல்லாம், பார்த்தீர்களா, எங்கள் காலமே மேல் என்று பழைய ரொடீசியர்கள் சொல்வார்கள். ஐந்தாம் படைப்பிரிவு செய்தது 1930ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒரு ஏக்கரைக்கூட நியாயமாக்காது. சொல்லப்போனால், ஆய்வாளரின் கடன் அந்தப் பக்கமும் வெட்டும். பண்ணைகளைக் கைப்பற்றிச் செய்த நிலச் சீர்திருத்தம் முழுத் தோல்வி என்று உலகமே எழுதிக்கொண்டிருந்தபோது, மஸ்விங்கோ மாகாணத்தில் நானூறு குடும்பங்களைப் பத்தாண்டு தொடர்ந்து ஆராய்ந்த இயன் ஸ்கூன்ஸும் அவருடைய ஜிம்பாப்வேத் தோழர்களும், சிறு நிலம் பெற்ற பலர் உழைத்து முன்னேறியிருப்பதாக 2010இல் எழுதினார்கள். முகாபேயை எதிர்த்தவர்களுக்கு அது கசந்தது. கசந்தாலும் அது எழுதப்பட வேண்டியதே.

2021 மே மாதம் ஹராரேயின் நடுவில் நெஹாண்டாவுக்குச் சிலை திறந்தார்கள். மாட்டபெலேலாந்துக் கொலைகளை விசாரிக்க அரசே எண்பதுகளில் அமைத்த சிஹம்பக்வே குழுவின் அறிக்கையை எந்த அரசும் மக்களுக்கு வெளியிட்டதில்லை.