தாமதம் யாருடையது?

கோயம்புத்தூருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால் ஒரு கதை சொல்வார்கள். இதெல்லாம் காடாகக் கிடந்த காலத்தில் கோவன் என்ற இருளர் தலைவன் ஒருவன் காட்டைத் திருத்தி ஊர் உண்டாக்கினான். அதுதான் கோவன்புத்தூர், அதுவே பிறகு கோயம்புத்தூர் ஆயிற்று என்பார்கள். கதைதான். ஆனால், ஊரே சந்தோஷமாகச் சொல்லிக்கொள்கிற கதை.

சரி, கோவனின் ஜனங்கள் இன்றைக்கு எங்கே இருக்கிறார்கள்? ஆர்.எஸ்.புரத்தில் தேடினால் கிடைக்க மாட்டார்கள். சிறுவாணிப் பக்கமும் வெள்ளியங்கிரி அடிவாரத்திலும் சின்னச் சின்னப் பதிகளில் இருக்கிறார்கள். ஊருக்குப் பேர் கொடுத்தவன் ஊருக்கு வெளியே.

'அதுக்கு இப்ப என்னங்க பண்றது? அது எந்தக் காலத்துக் கதை!' என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? அந்தக் கேள்வியைத்தான் இந்த வாரம் கொஞ்சம் புரட்டிப் பார்க்கப் போகிறோம். காலம் கடந்துவிட்டால் அநியாயம் நியாயமாகிவிடுமா?

கொங்கு நாட்டுக்காரர்களுக்கு இதைப் பாடம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பங்காளி வீட்டுக்காரன் பொழிக்கல்லை ஒரு முழம் தள்ளி நட்டுவிட்டால் என்ன நடக்கும் தெரியுமல்லவா? முன்சீப் கோர்ட்டில் ஆரம்பித்து ஹைகோர்ட் வரைக்கும் போகும். தாத்தா போட்ட கேஸுக்குப் பேரன் வாய்தாவுக்குப் போவான். நிலத்தின் மதிப்பைவிட வக்கீல் ஃபீஸ் அதிகமாகியிருக்கும். 'விட்டுத் தொலைங்களேன்' என்று சொல்லிப் பாருங்கள். 'எங்க பாட்டன் சொத்துங்க, எப்படிங்க விடறது?' என்பார். ஒரு முழத்துக்கே இப்படியென்றால், ஒரு மலையையே இழந்தவர்களுக்கு?

பொள்ளாச்சியிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் தெரிவது ஆனைமலை. அங்கே காடர், மலசர், முதுவர், எரவாளர் என்று பல குடிகள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பல் கட்டத் தேக்கு வேண்டும் என்று வெள்ளைக்காரன் மலையேறினான். வெட்டிய மரத்தைச் சரிவில் உருட்டிவிட்ட இடம்தான் இன்றைக்கு நாம் டூர் போகிற டாப்ஸ்லிப். அவனுக்குத் தனியாக அந்தக் காட்டில் பத்தடி நடக்கத் தெரியாது. வழி காட்டியது காடர்கள். மரம் இழுக்கிற யானையைப் பழக்கியது மலசர்கள். இன்றைக்கும் கோழிகமுத்தி யானை முகாமில் பாகன்களாக இருப்பது மலசர்கள்தான்.

1882-ல் சென்னை வனச் சட்டம் வந்தது. காடு, சர்க்கார் காடு ஆனது. 1890-களில் வால்பாறையில் காட்டை அழித்து எஸ்டேட்டுகள் வந்தன. எஸ்டேட்காரரிடம் பத்திரம் இருந்தது. வனத்துறையிடம் கெஜட் இருந்தது. வழி காட்டியவனிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. ஆகவே அவன் பிறந்த காட்டிலேயே அவன் 'ஆக்கிரமிப்பாளன்' ஆனான்.

இது நம் ஊரில் மட்டும் நடந்த கதை இல்லை. அமெரிக்காவில் நியூயார்க் பக்கம் ஒனைடா என்றொரு பழங்குடி இனம். அவர்களுக்கு இருந்த நிலம் ஏறத்தாழ 60 லட்சம் ஏக்கர். பிரிட்டனை எதிர்த்து அமெரிக்கர்கள் சுதந்திரப் போர் நடத்தியபோது, ஒனைடாக்களில் பெரும்பாலோர் அமெரிக்கர்கள் பக்கம் நின்று சண்டை போட்டார்கள். ஜெயித்ததும் புதிய அரசு 1784-லும் 1794-லும் ஒப்பந்தம் போட்டு, 'உங்கள் நிலம் உங்களுக்கே' என்று எழுதிக் கொடுத்தது. மத்திய அரசு சம்மதமில்லாமல் பழங்குடியினர் நிலத்தை யாரும் வாங்கக் கூடாது என்று 1790-லேயே சட்டமும் இருந்தது. ஆனாலும் நியூயார்க் மாநிலம் அந்தச் சட்டத்தை மதிக்காமல் நிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதி வாங்கியது. 1920-ல் அவர்கள் கையில் மிஞ்சியது 32 ஏக்கர்.

கோர்ட்டுக்குப் போனார்களா? போகத்தான் பார்த்தார்கள். இந்த வழக்கை விசாரிக்க மத்திய நீதிமன்றங்களுக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னதே 1974-ல்தான். 1985-ல் ஒரு தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாக வந்தது. பிறகு ஒனைடாக்கள் தங்கள் பழைய நிலத்தில் சிலவற்றைத் தங்கள் காசிலேயே விலைக்கு வாங்கி, 'இது மறுபடி எங்கள் பூமி. இதற்கு நகராட்சி வரி கட்ட மாட்டோம்' என்றார்கள். 2005 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் கையை விரித்துவிட்டது. இத்தனை காலம் கழித்து வந்து கேட்டால் எப்படி, இங்கே வேறு ஜனங்கள் வேறு வாழ்க்கை வாழ்ந்துகொண்டிருக்கிறார்களே என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

யோசித்துப் பாருங்கள். கதவைப் பூட்டி வைத்தவர்களே, 'ஏன் இவ்வளவு லேட்டாக வந்தாய்?' என்று கேட்கிறார்கள்!

அதே 2005-ஆம் வருடத்துக்கு நம் பழங்குடி மக்களின் கதையிலும் ஓர் இடம் உண்டு. 2006-ல் நாடாளுமன்றம் வன உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. காட்டு மக்களுக்கு இழைக்கப்பட்டது வரலாற்று அநீதி என்று அந்தச் சட்டத்தின் முகவுரையே ஒப்புக்கொள்கிறது. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே காட்டு நிலத்தில் இருக்கும் பழங்குடியினருக்கு, குடும்பத்துக்கு 4 ஹெக்டேர் வரை உரிமை உண்டு என்றது. சட்டம் நடைமுறைக்கு வந்தது 2007 டிசம்பர் 31-ல். அதற்குச் சில நாள் முன்னால், 2007 டிசம்பர் கடைசியில், ஆனைமலைக் காடு புலிகள் வாழ்விடமாக அறிவிக்கப்பட்டது. அடுத்து, 2008-லேயே சென்னை உயர் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவு ஒன்றால் தமிழ்நாட்டில் பட்டா கொடுப்பது முடங்கியது. உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது 2016-ல். எட்டு வருஷம். இதில் காடர்களின் தாமதம் எவ்வளவு? ஒரு நாள்கூட இல்லை.

2019 ஆகஸ்ட் மழையில் வால்பாறை மலைக்குள் கல்லார்குடி என்ற காடர் குடியிருப்பில் மண் சரிந்தது. அந்த மக்களை எஸ்டேட் லைன் வீடுகளில் கொண்டுபோய் வைத்தார்கள். அவர்களோ, தங்கள் காட்டுக்குள்ளேயே தெப்பக்குளமேடு என்ற இடத்தைக் கேட்டார்கள். வனத்துறை சம்மதிக்கவில்லை. மனு, போராட்டம், பேச்சுவார்த்தை என்று இரண்டு வருஷம் அலைந்த பிறகுதான் அங்கே குடியிருக்க உரிமை கிடைத்தது. தங்கள் காட்டில், இந்த மேட்டிலிருந்து அந்த மேட்டுக்குப் போக!

இதற்கு ஒரு மறுபேச்சு உண்டு. அதையும் கேட்டாக வேண்டும். எஸ்டேட்டில் நாலு தலைமுறையாகக் கொழுந்து பறிக்கிறார்களே, அவர்கள் யார் நிலத்தைத் திருடினார்கள்? பஞ்சம் பிழைக்க வந்து, அட்டைக் கடியிலும் மலேரியாவிலும் செத்தவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். 'நீ கிளம்பு' என்று அவர்களைச் சொல்ல முடியுமா? முடியாது. சொல்லவும் கூடாது. காடழித்துத் தோட்டமாக்கிய யாரைத்தான் கிளப்புவது? கணக்குப் பார்த்தால் நம்மில் பாதிப் பேர் மூட்டை கட்ட வேண்டியிருக்கும்.

அந்த அளவுக்கு அமெரிக்க நீதிபதிகள் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. காலம், இன்றைக்கு ஓரிடத்தில் வாழ்கிறவனுக்கு ஒரு பாதுகாப்பு தருகிறது. தரட்டும். ஆனால், வாழ்கிறவனைக் காப்பாற்றுவது வேறு, எடுத்தவனின் கடனைத் தள்ளுபடி செய்வது வேறு. அப்பா வாங்கிய கடனை, 'அவர் செத்து ரொம்ப நாளாச்சுங்க' என்று சொல்லி எந்தப் பிள்ளையாவது தப்பிக்கப் பார்த்தால் ஊர் சிரிக்காதா? சொத்தை வாங்கிக்கொண்டவன் கடனையும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதுதானே நம்மூர் வழக்கு?

மலையை எடுத்தது சர்க்கார். அன்றைய சர்க்காரிடமிருந்து அந்தக் காட்டைப் பெற்றுக்கொண்டது இன்றைய சர்க்கார். எந்தத் தொழிலாளியையும் கிளப்பாமல், எந்தப் புலிக்கும் இடைஞ்சல் இல்லாமல் செய்யக்கூடிய காரியங்கள் எத்தனையோ உண்டு. இருக்கிற இடத்துக்குப் பட்டா. தேனும் கிழங்கும் எடுக்கும் உரிமை. அவர்கள் காட்டைப் பற்றி முடிவெடுக்கும்போது, அவர்களுடைய கிராம சபையின் சம்மதம். இதெல்லாம் புதிதாக யாரும் கேட்கவில்லை. சட்டத்திலேயே எழுதியிருப்பதுதான். ஒனைடா வழக்கில்கூட 2013-ல் நியூயார்க் அரசும் அந்த மக்களும் உட்கார்ந்து பேசி ஒரு சமரசத்துக்கு வந்தார்கள். எல்லாம் திரும்பக் கிடைத்துவிடவில்லை. ஆனால், யாரையும் வீட்டை விட்டுத் துரத்தாமலே பேச முடியும் என்று தெரிந்தது.

அடுத்த முறை டாப்ஸ்லிப்பில் யானைச் சவாரி பற்றி விசாரிக்கும்போது, பாகனிடம் இன்னொன்றையும் கேளுங்கள். 'உங்க வீட்டுக்குப் பட்டா இருக்குதுங்களா?'