எதிர்பார்ப்பும் முகமலர்ச்சியும்

பெருந்துன்பங்களைப் பொறுத்துக்கொள்பவர்கள்கூடச் சிறு தொல்லைகளால் நிலைகுலைவதை உலகில் காண்கிறோம். உற்றாரை இழந்த துயரை மௌனமாகத் தாங்கியவர், மின்சாரம் நின்றவுடன் இல்லத்தாரைச் சினந்துகொள்கிறார். காரணம் யாதெனில், பெருந்துன்பம் வரக்கூடும் என்பதை மனம் ஓரளவு அறிந்திருக்கிறது. ரயில் தாமதமாகும் என்பதை மட்டும் அது ஒருநாளும் ஏற்பதில்லை.

கி.பி. முதலாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் அடிமையாக வாழ்ந்து, விடுதலை பெற்றபின் கிரேக்க நாட்டு நிக்கொபொலிஸ் நகரில் தத்துவம் போதித்த எபிக்டெட்டஸ் என்னும் அறிஞர் இதற்கு ஒரு பயிற்சி கூறினார். பொதுக் குளியற்கூடத்திற்குப் புறப்படுமுன், அங்கு நிகழ்வனவற்றை எண்ணிப் பார்க்கவேண்டும் என்பது அவர் கருத்து. ஒருவர் நீரை வாரி இறைப்பார், ஒருவர் இடிப்பார், ஒருவர் ஏசுவார், ஒருவர் திருடுவார். இது கற்பனையன்று. இங்கிலாந்தின் பாத் நகரிலுள்ள பண்டை ரோமானிய வெந்நீரூற்றில், பொருளைத் திருடியவரைத் தண்டிக்கும்படி தேவதையை வேண்டிப் பொறித்த தகடுகள் ஏராளமாகக் கிடைத்துள்ளன.

ஆயினும் எபிக்டெட்டஸ் குளிக்கவே போகவேண்டா என்று கூறவில்லை. இதனைப் பலர் கவனிப்பதில்லை. குளிப்பதும் வேண்டும், மனம் கெடாதிருப்பதும் வேண்டும் என்று இரண்டையும் நாடிச் செல்லுமாறு கூறினார். குறைக்கத்தக்கது பிறர் நடத்தையைப் பற்றிய நமது கணிப்பே. நமது நோக்கமன்று, கடமையுமன்று. கீதை கூறும் பலத்தியாகமோ இதனினும் மிக உயர்ந்த நிலை. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது.

இவ்வழியில் ஓர் அபாயமும் உண்டு. எவரிடமும் நன்மையை எதிர்பாராதவன் நாளடைவில் எவரையும் மதியாதவனாகக்கூடும். அவனுக்குச் சினம் வாராது; மகிழ்ச்சியும் வாராது. கி.பி. 161 முதல் 180 வரை ரோமாபுரியை ஆண்ட மார்க்கஸ் அரேலியஸ், நன்றியற்றோரையும் செருக்குடையோரையும் இன்று சந்திக்க நேரும் எனக் காலையிலேயே தமக்குச் சொல்லிக்கொள்ளும்படி எழுதி வைத்தார். ஆணையிட்டால் எவரும் அடங்கும் பேரரசர் அவர்! அதே பத்தியில், அம்மனிதர்கள் தமக்கு உறவினர் என்றும், கைகளும் கால்களும் போல ஒருவருக்கொருவர் உதவப் பிறந்தவர்கள் என்றும் தொடர்கிறார். இப்பின்பகுதியை விட்டு முன்பகுதியை மட்டும் கைக்கொண்டால் எஞ்சுவது வெறும் கசப்பே.

வங்கியில் அரை மணி நேரம் வரிசையில் நின்றபின், 'கணினி இயங்கவில்லை' என்ற சொல் காதில் விழும்போது இது நினைவுக்கு வருமாயின் நலம். சாளரத்திற்கு அப்பால் அமர்ந்திருப்பவரும் காலை முதல் அதனையே சொல்லிச் சலித்தவர்தாமே? முறையிட வேண்டியதைத் தாராளமாக முறையிடலாம். அமைதியாக எழுதிய மனுவும் அதே மேலாளரின் மேசைக்குத்தான் செல்கிறது.