மின்சார ரயிலில் ஒரு மலைப் பயணம்



பள்ளிக்கூடம் விடுமுறை விட்டதும் தாம்பரம், குரோம்பேட்டை பக்கம் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுத்தான். ஊட்டியா, ஏற்காடா, கொடைக்கானலா? ரயிலில் இடம் கிடைக்குமா, அறை வாடகை கட்டுப்படியாகுமா? பிள்ளைகளுக்கு மலை காட்ட வேண்டும் என்பது நல்ல ஆசை. போய்வாருங்கள். அதற்கு முன்னால் அரை நாள் ஒதுக்கி, குடும்பத்தோடு மின்சார ரயிலில் ஒரு மலைப் பயணம் போகும்படி கேட்டுக்கொள்கிறேன். 1931-இலிருந்து கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஓடுகிற மின்சார ரயில்தான். தினமும் வேலைக்குப் போகிற வழிதான். அந்த வழியில் மலையும் இருக்கிறது, பழைய சுரங்க ஊர்களும் இருக்கின்றன. காலை நெரிசலில் நாம் நிமிர்ந்து பார்ப்பதில்லை, அவ்வளவே.

சுரங்கம் என்றதும் கோலார் தங்கவயல் நினைவுக்கு வரும். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன தமிழர்கள் பூமிக்குள் மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கி உழைத்த இடம் அது. 2001 பிப்ரவரி 28-இல் மூடினார்கள். அந்த ஊரைப் பற்றிக் கதை உண்டு, சினிமா உண்டு. பல்லாவரம், திரிசூலம், பம்மல் ஊர்களில் தோண்டியது வெறும் கல். சென்னையின் எத்தனையோ சாலைகளுக்கும் வீடுகளுக்கும் அடியில் கிடப்பது இங்கே உடைத்த ஜல்லி. அதை உடைத்தவர்களைப் பற்றி யார் பேசுகிறோம்?

முதலில் பரங்கிமலையில் இறங்குங்கள். சுமார் முந்நூறு அடி உயரம்தான். பாட்டி தாத்தாவும் நின்று நின்று ஏறிவிடலாம். உச்சியில் 1523-இல் போர்ச்சுகீசியர் கட்டிய தேவாலயம் இருக்கிறது. படிகளைக் கட்டிக்கொடுத்தவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். அங்கேயே வில்லியம் லாம்டனுக்கு ஒரு சிலை உண்டு. 1802 ஏப்ரலில் தொடங்கி, இந்த மலைப் பக்கமிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்று வரை ஏறத்தாழ ஏழரை மைல் தூரத்தைச் சங்கிலி வைத்து அளந்தவர் அவர். அந்தக் கோட்டில் தொடங்கிய நில அளவைதான் முக்கோணம் முக்கோணமாக வடக்கே நகர்ந்து, 1856-இல் எவரெஸ்ட்டின் உயரத்தை உலகத்துக்கு அறிவித்தது.

அங்கே நிற்கும்போதே காலடியில் இருக்கும் பாறையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சார்னகைட் என்கிற பாறை. வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகள். இமயமலை எழத் தொடங்கி ஐந்து கோடி ஆண்டுகள்தான் ஆகின்றன. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குப் பதித்த கல் சென்னைப் பக்கத்திலிருந்து போன இதே பாறை. அதனால்தான் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் இதற்கு அந்தப் பெயரைச் சூட்டினார். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இவ்விடத்தைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது.

அடுத்தது திரிசூலம். ரயில் நிலையத்துக்கு ஒரு பக்கம் விமான நிலையம், மறுபக்கம் குன்று. குன்றுகளின் மடியில் சோழர் காலக் கல்வெட்டுகளோடு திரிசூலநாதர் கோயில். அங்கிருந்து பல்லாவரம் வந்தால், மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த குகையைப் பார்க்கலாம். அவனுடைய பட்டப்பெயர்களைக் கல்லிலே வெட்டி வைத்திருக்கிறார்கள். இன்று அது ஒரு தர்கா. இந்தக் குன்றில் உளிச் சத்தம் எழுந்து ஆயிரத்து நானூறு ஆண்டுகள் ஆகிவிட்டன.

பல்லாவரத்தில் இன்னொரு சங்கதியை நீங்கள் அவசியம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். 1863 மே 30. கோடை வெயில். புவியியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற 28 வயது இளைஞர், இங்கே ராணுவ மைதானத்தை ஒட்டிச் சரளை தோண்டியிருந்த ஒரு குழியில் இறங்கினார். கையில் அகப்பட்டது ஒரு கல். யாரோ வேண்டுமென்றே செதுக்கிய கல். ஆதிமனிதனின் கைக்கோடரி. இந்தியாவில் இப்படிப்பட்ட கருவி அடையாளம் காணப்பட்டது அதுதான் முதல் தடவை. அதே ஆண்டில் அவரும் சக புவியியலாளர் வில்லியம் கிங்கும் திருவள்ளூர்ப் பக்கம் அதிரம்பாக்கத்தில் மேலும் கருவிகளைக் கண்டார்கள். அங்கே கிடைத்தவற்றின் காலம் பதினைந்து லட்சம் ஆண்டுகள் என்று தொல்லியலாளர் சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் 2011-இல் வெளியிட்டார்கள். ஃபுட் சேகரித்தவற்றை 1904-இல் சென்னை அருங்காட்சியகம் வாங்கியது. எழும்பூர் போனால் அந்தச் சேகரிப்பையும் கேட்டுப் பாருங்கள்.

ஃபுட் இறங்கிய அந்தப் பல்லாவரத்துக் குழி, சாலை போட யாரோ மண்வெட்டியும் கடப்பாறையுமாகத் தோண்டியது என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது. தோண்டியவரின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. எனக்கு இது உறுத்துகிறது.

இந்தப் பக்கத்துக் குவாரிகளில் கல் உடைத்த குடும்பங்கள் இன்னும் நம் நடுவே இருக்கின்றன. ஆண்கள் பாறையில் துளை போட்டு, மருந்து கிட்டித்து, வேட்டு வைப்பார்கள். சிதறி விழுந்த கல்லைப் பெண்கள் உட்கார்ந்து சுத்தியால் ஜல்லியாக உடைப்பார்கள். கல் தெறிக்காமல் இருக்கப் பழைய டயரிலிருந்து வெட்டிய ஒரு வளையம். வெயிலுக்கு ஒரு கீற்றுத் தட்டி. உடைத்த அளவுக்குத்தான் கூலி. கல்தூசி நுரையீரலில் படிந்து, இருமி இருமியே போனவர்கள் உண்டு. முன்பணம் வாங்கிய பாவத்துக்குக் குவாரியிலேயே குடும்பத்தோடு கட்டுண்டு கிடந்தவர்களும் உண்டு. 1976-இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்த பிறகும் தமிழ்நாட்டுக் குவாரிகளிலிருந்து மனிதர்களை மீட்டுக் கொண்டுவர வேண்டியிருந்தது. நம் வீட்டு மொட்டை மாடித் தளத்தில் அவர்களுடைய முதுகுவலி கலந்திருக்கிறது. மிகைப்படுத்திச் சொல்லவில்லை, நேயர்களே.

ஊர் பெருத்தது. குடியிருப்புகள் குன்றை நெருங்கின. வேட்டுச் சத்தம் ஒவ்வொரு ஊராக அடங்கியது. குழிகளில் மழைத் தண்ணீர் நின்றுவிட்டது. மாங்காடு அருகே சிக்கராயபுரம் குவாரிகளின் தண்ணீரைச் சுத்திகரித்து, 2017 வறட்சியின்போது சென்னைக்கே குடிக்கக் கொடுத்தார்கள். நன்மங்கலம் காப்புக்காட்டில் பழைய குவாரியின் பாறை விளிம்புகளில் கொம்பன் ஆந்தைகள் வாழ்கின்றன. மனிதன் விட்டுப்போன குழியை இயற்கை எடுத்துக்கொள்கிறது. இன்னும் சில குழிகளை நாம் குப்பை கொட்டிக் கெடுத்துக்கொண்டிருக்கிறோம். குடிநீராகக்கூடிய ஒன்றைக் குப்பைமேடாக்குவதை எந்த ஊராட்சியும், எந்த மாநகராட்சியும் அனுமதிக்கக் கூடாது.

ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறுவதற்குள் கிளம்புங்கள். கையில் தண்ணீரும் இரண்டு பொட்டலம் புளிசாதமும் போதும். பம்மலிலோ திரிசூலத்திலோ குவாரி வேலை செய்த பெரியவர் ஒருவர் கிடைத்தால், பிள்ளைகளை அவர் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசச் சொல்லுங்கள். அவர் சம்மதித்தால் அவர் சொல்வதைச் செல்பேசியில் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தலைமுறை போய்க்கொண்டிருக்கிறது.

ஒன்றே ஒன்று. கல்குட்டைத் தண்ணீர் பார்க்க அமைதியாக இருக்கும். கரை என்று ஒன்று கிடையாது. அடுத்த அடியிலேயே ஆளை விழுங்கும் பள்ளம். நீச்சல் தெரிந்த பையன்களே அதில் போயிருக்கிறார்கள். தூர நின்று பாருங்கள். பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.